மேகத்தில் ஓட்டிய இழை

"இன்னிக்கு மேல ஏறிட்டேன்" என்றார் அவர்.

நாலாவது மாடிவரை ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்காமல் அவள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். எப்போதும் போன்ற விளையாட்டுதான் என்று நினைத்து, வண்டி மேட்டில் இழுத்ததா என்று கேட்டாள்.

"இழுத்துச்சு. ஆனா ஏறிப் பார்த்தா அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல, ஊசி. வெறும் வெள்ளைத்தாள்."

அவள் ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக அப்படியே நின்றாள்.

அவர் ஏறியதாகச் சொன்னது, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த படத்தில் உள்ள ஒரு மலைப்பாதையை. வண்ணமே இல்லாத, கறுப்புக் கோடுகளால் ஆன பழைய அச்சுப்படம் அது. கீழே ஒரு ஆறு, அதன்மேல் கல்பாலம், கரையில் ஒரு மாவு ஆலை. பாலத்தைத் தாண்டிய பாதை வளைந்து வளைந்து மேலேறி, தனியாக நிற்கும் ஒரு மரத்தைச் சுற்றிக்கொண்டு, இரண்டு குன்றுகளுக்கு நடுவே மறைந்துபோகும். மூட்டை ஏற்றிய வண்டி ஒன்று நமக்கு முதுகைக் காட்டியபடி அதில் போய்க்கொண்டிருக்கும். படத்தில் பாதிக்கு மேல் வானம். வானம் முழுக்க மேகம்.

அவர் பஸ் டிரைவராக இருந்தவர். பணியில் இருந்த காலம் முழுவதும் ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டியவர் என்று டிப்போவில் பெயர். கூடவே போன கண்டக்டர் அவரை 'பைலட்' என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் காலையில் சட்டை போடும்போது வலது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அதோடு வலது காலும் சேர்ந்துகொண்டது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது நாலு மாடி தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் விட்டார்கள். அன்றைக்கு ஏறியவர்தான், இறங்கவே இல்லை. அறைக்குள் சுவரைப் பிடித்து நடப்பார், ஜன்னல்வரை போவார். ஜன்னலில் தெரிவது எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மட்டும்.

ஓட்டியே பழகிய மனுஷன் சும்மா இருப்பாரா? சுவரில் இருந்த பாதையில் ஓட்ட ஆரம்பித்தார். அவள் வேலைக்குக் கிளம்பும்போது வண்டி பாலத்தில் இருக்கும். திரும்பி வரும்போது ஆலையைத் தாண்டியிருக்கும். ஆற்றில் தண்ணீர் ஏறிவிட்டதால் நின்றுபோனோம் என்பார். முன்னால் போகிற வண்டிக்காரன் வழியே விட மாட்டேன் என்கிறான், எத்தனை தடவை ஹாரன் அடித்தாலும் செவிடன் மாதிரி போகிறான் என்று புகார் சொல்வார். படம் வரைந்தவனுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, இந்த வளைவில் சரக்கு ஏற்றிய வண்டி குடை சாயும் என்று சிரிப்பார். ஆனால் தனிமரத்தைத் தாண்டி மட்டும் ஒரு நாளும் போனதில்லை. மேட்டுக்கு மேலே நாளைக்கு என்று சொல்லி நிறுத்திவிடுவார்.

அந்த 'நாளைக்கு'தான் அவளுக்கு உயிராக இருந்தது. இப்போது அது தீர்ந்துவிட்டது.

அவளுக்கு 'ஊசி' என்று பெயர் வைத்தது அவர்தான். சலவைக்கடை ஒன்றின் பின்னறையில், கிழிந்த துணிகளுக்கு இழை ஓட்டுவது அவள் வேலை. பூச்சி அரித்த கோட்டு, சிகரெட் நெருப்பு விழுந்த கால்சட்டை, ஆணியில் மாட்டிக் கிழிந்த சால்வை எல்லாம் அவள் மேசைக்கு வரும். துணியின் ஓரத்திலிருந்தே ஒரு நூலை உருவி, நெசவு போகிற போக்கிலேயே மேலும் கீழுமாக ஓட்டி, ஓட்டை இருந்த இடம் தெரியாமல் செய்துவிடுவாள். எங்கே கிழிந்ததென்றே தெரியவில்லையே என்று வாடிக்கையாளர் சொன்னால், அதுதான் அவளுக்கு மெடல். கடை முதலாளி நல்லவர், ஆனால் பாராட்டத் தெரியாதவர். புகார் வந்தால்தான் இப்படி ஒருத்தி வேலை செய்கிறாள் என்பதே தனக்கு ஞாபகம் வரும் என்பார்.

அந்தக் கடைக்குத்தான் ஒருநாள், பஸ் கதவில் மாட்டிக் கிழிந்த சீருடைக் கால்சட்டையோடு அவர் வந்தார். வாங்கிப் போனவர் மறுநாளே திரும்பி வந்து சண்டை பிடித்தார். கிழிசலும் தெரியவில்லை, தையலும் தெரியவில்லை, நீங்கள் தைத்தீர்கள் என்பதற்கு என்ன சாட்சி, எதற்குக் கூலி என்று கேட்டார். முதலாளி அவளைக் கூப்பிட்டார். அவள் வந்து விரல் வைத்துக் காட்டினாள். அடுத்த வாரம் இன்னொரு கிழிசலோடு வந்தார். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இழைகளின் முனை எல்லாம் ஒரே சீராக இருந்தது.

"இது தானா கிழிஞ்சது இல்லையே. கத்திரியால வெட்டினது மாதிரி இருக்கே" என்றாள்.

அவர் முகம் சிவந்துபோய், வேறென்ன காரணம் சொல்லி வருவது என்று முணுமுணுத்தார். அப்படி நடந்த கல்யாணம் அது.

அவள் பக்கத்தில் உறவு என்றால் சித்தி ஒருத்திதான். சின்ன வயதிலேயே அம்மா போய்விட, கல்யாணமே கட்டிக்கொள்ளாமல் அவளை வளர்த்து ஆளாக்கியவள் அம்மாவின் தங்கை. ஒரு லாட்ஜில் அறைகளைக் கூட்டித் துடைக்கிற வேலை சித்திக்கு. அந்த லாட்ஜின் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியிருந்ததுதான் இந்தப் படம். தினமும் அதன் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து, அந்த ஆற்றங்கரை சித்திக்குச் சொந்த ஊர் போல ஆகிவிட்டது. லாட்ஜை இடிக்கப் போகிறார்கள் என்றானதும், வேலைக்காரர்கள் ஆளுக்கொரு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னார். ஒருத்தர் மெத்தையைத் தூக்கினார், ஒருத்தர் மின்விசிறியைக் கழற்றினார், பாத்திரங்களுக்கு அடிதடியே நடந்தது. சித்தி படத்தைக் கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். மெத்தையில் படுக்கலாம், படத்தில் என்ன செய்வாய் என்று கேட்டவர்களிடம், வேலை முடிந்தபிறகு கொஞ்சம் காற்றாட நடந்துவிட்டு வருவேன் என்றாளாம்.

வயதானதும் சித்தி அவர்களோடு வந்து சேர்ந்தாள். வாடகை கட்டுப்படியாகும் என்று நாலாவது மாடிக்குக் குடிவந்த நாள் அது. அவர்தான் படத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சட்டத்தின் மூலை சுவரில் இடித்தது. கண்ணாடி நொறுங்கியது. உடைந்த சில்லு ஒன்று மேகத்தை நீளவாக்கில் கிழித்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் கீறல் படாமல் பார்த்துக்கொண்டவருக்கு, வீட்டுப் படிக்கட்டில் விபத்து. சித்தி அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலாம்.

அந்தக் கிழிசலைப் பார்த்த அவள் என்ன செய்வாள்? வேறு யாராக இருந்தாலும் பின்பக்கம் காகிதம் ஒட்டியிருப்பார்கள். அவள் கைக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். வானத்தை உற்றுப் பார்த்தாள். மேகம் முழுக்க மெல்லிய கோடுகள், ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, துணியில் இழை ஓடுகிற மாதிரியே ஓடின. அவளுக்கு அது கிழிந்த துணியாகவே பட்டது. இழை ஓட்டிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டாள்.

நூல்தான் அமையவில்லை. டப்பாவில் இருந்த சாம்பல் நிற நூல் அத்தனையும் அந்தக் கோடுகளின் பக்கத்தில் கம்பளிப்பூச்சி மாதிரி தடித்துத் தெரிந்தன. அப்போதுதான் ஜன்னல் விளிம்பில் கிடந்த சித்தியின் சீப்பு கண்ணில் பட்டது. அதில் சுற்றிக்கொண்டிருந்த முடியில் ஒன்றை எடுத்து மேகத்தின் மேல் வைத்தாள். வைத்த இடம் தெரியவில்லை. மை வெளிறிய நிறமும் சித்தியின் நரையும் அப்படி ஒன்றாக இருந்தன. கிழிசலின் இரண்டு கரையையும் அந்த முடியாலேயே, கோட்டுக்குக் கோடு சேர்த்து முடித்தாள். சித்தி கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் தேடினாள். கிடைக்கவில்லை. பிறகு சிரித்தாள்.

"பரவாயில்ல. நான் போறதுக்கு முன்னாடியே என் தலை மேகத்துக்குப் போயிடுச்சு" என்றாள்.

மறு வருஷம் சித்தியும் போய்ச் சேர்ந்தாள். படம் உனக்குத்தான், இடித்தவர் அவர், தைத்தவள் நீ, வேறு யாரிடம் கொடுக்க முடியும் என்று படுக்கையில் சொன்னதுதான் அவள் எழுதிய உயில்.

அப்படிப்பட்ட படத்தை விற்க அவளுக்கு மனசு வருமா? வந்தது. அதுதான் மனித வாழ்க்கை.

சலவைக்கடைக்கு நேர் எதிரே, ஒரு கட்டடத்தின் தரைத்தளத்தில் சின்ன வீடு ஒன்று காலியாகியிருந்தது. ஒரு அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஜன்னல், இரண்டே படி. முதலாளி ஒரு வார்த்தை சொல்லிவைத்ததால், மாதக் கடைசிவரை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டிருந்தார். அட்வான்ஸ்தான் இல்லை. வீட்டில் கணவரிடம் மெதுவாகப் பேச்சைத் தொடங்கிப் பார்த்திருந்தாள். அவர் பிடிகொடுக்கவில்லை.

"என்னை நாற்காலில வச்சுத் தூக்கிட்டு இறங்கணும், அதானே? பார்க்கிறவன் எல்லாம் பைலட்டைப் பார்சல் போடறாங்கன்னு சொல்வான். எனக்கு இந்த ரோடு போதும்" என்று சுவரைக் காட்டிவிட்டார்.

அவர் மேட்டின்மேல் ஏறிய அன்று அவள் முடிவு பண்ணிவிட்டாள்.

கடைக்குக் கோட்டு கொடுக்க வரும் பழம்பொருள் கடைக்காரர் ஒருவர் இருந்தார். பழைய படங்களை வாங்குவார் என்று தெரியும். ஒரு விடுமுறை நாளின் காலையில் நாற்காலி போட்டு ஏறி, படத்தை ஆணியிலிருந்து இறக்கினாள். அவர் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே எடுத்துப் போகிறாய் என்றார். கண்ணாடிக்குள் பூச்சி போயிருக்கிறது, கடையில் காட்டிவிட்டு வருகிறேன் என்று, அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. பாலத்தில் பார்த்துப் போ என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் படியிறங்குகிற வழியெல்லாம் அவளைக் குத்திக்கொண்டே வந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சுவரில் படாமல் பக்கவாட்டில் நடந்து இறங்கினாள்.

பழம்பொருள் கடைக்காரர் பெரிய மனிதர். வயதும் பெரியது, உடம்பும் பெரியது. கடையில் அவர் ஒருவர்தான். ஓடாத கடிகாரங்களுக்கும் கைப்பிடி போன ஜாடிகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். படத்தைக் கண்ணாடியோடு பார்த்ததுமே எழுந்துவிட்டார். பூதக்கண்ணாடியை வைத்து ஆற்றையும் ஆலையையும் பார்த்தார். இது கையால் வரைந்தது இல்லை, ஊசி போன்ற உளியால் செப்புத்தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி, ஈரத்தாளில் அழுத்தி எடுத்தது என்று விளக்கினார். ஒரு மேகத்தைச் செதுக்க எத்தனை நாள் குனிந்திருப்பான் தெரியுமா என்று கேட்டார். குனிந்து வேலை செய்வதைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. முகம் தெரியாத அந்த ஆளின் முதுகுவலிக்காக அவள் மனசு இளகியது.

அவர் ஒரு விலை சொன்னார். அவள் எதிர்பார்த்ததைவிட நிறையவே இருந்தது. உடனே சரி என்று தலையாட்டினாள்.

சட்டத்தைக் கழற்றி, தாளை வெளியே எடுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அவர் கை அப்படியே நின்றது. பின்பக்கத்தைத் திருப்பினார். நுனிவிரலால் மேகத்தைத் தடவினார்.

"யாரும்மா இதைத் தச்சது?"

செத்துப்போன சித்தியின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். லாட்ஜிலேயே இப்படித்தான் இருந்தது என்றிருக்கலாம். அவளுக்குப் பொய் தோன்றவில்லை. உண்மையில், அந்த வேலை தன்னுடையது என்கிற பெருமைதான் முதலில் வந்தது.

"நான்தான் சார்" என்றாள்.

"நூல் மாதிரி இல்லையே."

"முடி சார். எங்க சித்தியோட முடி."

அவர் உட்கார்ந்துவிட்டார். தன் நாற்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. பழைய தாள் என்றால் கிழியும், வாங்குகிறவர்களுக்கு அது தெரியும், பின்னால் மெல்லிய தாள் வைத்து ஒட்டிக்கொள்வார்கள். ஆனால் தாளில் ஊசி குத்தினால் அவர்கள் தொடமாட்டார்கள் என்று எடுத்துச் சொன்னார். "கிழிசலுக்கு வைத்தியம் இருக்கும்மா. தையலுக்கு இல்ல" என்று முடித்தார்.

யார் கண்ணுக்கும் தெரியக் கூடாது என்று அவள் வாழ்நாளெல்லாம் செய்த வேலை. அதில் இதுதான் தலைசிறந்தது என்று உள்ளுக்குள் நினைத்திருந்தாள். இன்றைக்கு ஒருவர் கண்ணில் அது பட்டது. பட்டபோது அது குற்றமாக இருந்தது.

வீட்டிலேயே மாட்டிவைத்துக்கொள்ளுங்கள், அழகாகத்தான் இருக்கிறது என்று அவர் தாளைத் திரும்பச் சட்டத்தில் வைக்கப் போனார். அவள் பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனாள். தெருவில் ஒரு பஸ் போயிற்று. அதன் சத்தம் அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

"தையலைப் பிரிச்சுட்டா எடுத்துப்பீங்களா சார்?"

எடுத்துக்கொள்ளலாம், விலை குறையும், ஊசித்துளைகள் இருக்குமே. ஆனால் பிரிக்கிற யாராக இருந்தாலும் தாள் கூடவே கிழிந்துகொண்டு போகும், அப்புறம் இருப்பதும் போய்விடும் என்றார் அவர். எங்கேயும் முடிச்சுப் போடவில்லை, நானே பிரிக்கிறேன், இங்கேயே உட்கார்ந்து பிரிக்கிறேன் என்றாள் அவள். அவர் அவள் விரல்களைப் பார்த்தார். கிழிந்துவிட்டால் என்னால் வாங்க முடியாது, அதற்கு நான் பொறுப்பில்லை என்று கறாராகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக் கடை மூடியிருக்கிறது என்ற பலகையைத் திருப்பிவைத்தார். மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள், நிறுத்தினார்.

ஒரு தையல் போட்டவள் அதைத் தன் கையாலேயே பிரிப்பது சாதாரணமா? அவள் அதுவரை தன் வேலை எதையும் பிரித்ததில்லை. பிரிக்க வேண்டி வந்ததும் இல்லை. முடித்த இடத்திலிருந்து தொடங்கினாள். ஊசியின் காதுப்பக்கத்தால் முடியின் நுனியைத் தூக்கி, வந்த வழியிலேயே திருப்பி அனுப்பினாள். நூலாக இருந்தால் உரசும். முடி வழுக்கிக்கொண்டு வந்தது. முதல் முடி முழுசாக வெளியே வந்தபோது, அது சித்தியின் தலையில் இருந்தமாதிரியே கொஞ்சம் நெளிவோடு மேசையில் கிடந்தது. அவள் கண்ணை மறைத்துக்கொண்டு தண்ணீர் வந்தது. தாளில் விழுந்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பித் துடைத்துக்கொண்டு, மறுபடி குனிந்தாள்.

பாதியில் ஒரு முடி நின்றுவிட்டது. இழுத்தால் தாள் எழும்பி வந்தது. அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவர் கதவருகில் வந்து நின்று, குற்றவாளிபோல, சித்திக்கு இன்னும் கோபமா என்று கேட்டார். அவள் திரும்பிப் பார்த்ததில் ஊசி தடம் மாறி, ஒரே துளையில் இரண்டு முறை ஏறிவிட்டது. அப்போது அதைக் கவனித்தும், தெரியவா போகிறது என்று விட்டுவிட்டாள். இப்போது அந்த ஒரு துளையில் அவர் மாடியிலிருந்து இறங்குவதும் இறங்காததும் மாட்டிக்கொண்டிருந்தது.

அவசரப்படவில்லை. வாயைக் குவித்து அந்த இடத்தில் மெல்ல ஊதினாள், கண்ணில் தூசி விழுந்த குழந்தைக்கு ஊதுவதுபோல. மூச்சின் ஈரத்தில் தாள் இம்மியளவு இளகியது. விடும்மா சித்தி என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். முடி வந்துவிட்டது.

கடைசி முடியும் வந்ததும் வானம் பழையபடி வாய் பிளந்துகொண்டது. அதற்குமேல் ஒரு மயிரிழைகூடக் கிழியவில்லை. கடைக்காரர் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். துளைகளுக்காக விலையைக் குறைத்துக்கொண்டார், அதில் இரக்கம் காட்டவில்லை. அவளும் பேரம் பேசவில்லை. அட்வான்ஸுக்கு அது போதும். சட்டத்தை வேண்டுமானால் எடுத்துப் போங்கள் என்றார். அவள் வேண்டாம் என்றுவிட்டாள். வெறும் சட்டத்தை மாட்டினால் மனுஷன் அதற்குள்ளும் வண்டி ஓட்டுவார்.

முடிகளை மட்டும் ஒரு வெள்ளைத் துணித்துண்டில் சுற்றிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவர் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். படம் இருந்த இடத்தில் சதுரமாக ஒரு வெளுப்பு, அதன் தலையில் ஒரு ஆணி.

"ரோட்டை மூடிட்டாங்களா?" என்று கேட்டார்.

அவள் கட்டிலில் உட்கார்ந்து, துணித்துண்டை அவருடைய இடது கையில் வைத்தாள். அவர் ஒற்றைக் கையாலேயே பிரித்தார். பார்த்ததும் புரிந்துவிட்டது.

"பிரிச்சுட்டியா?"

"ம்."

"உன் கையாலயா?"

"வேற யார் கையை நம்பறது?"

அவர் துணியை மடக்கப் பார்த்தார், ஒரு கையால் முடியவில்லை. அவள் மடக்கிக் கொடுத்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. குரல் உயராமல் சொன்னாள்.

"அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லைன்னு சொன்னீங்களே, அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். ஒண்ணும் இல்லாத ரோட்டுல உங்களைத் தனியா விட்டுட்டு என்னால வேலைக்குப் போக முடியாதுங்க."

அவர் அன்று முழுவதும் பேசவில்லை. சாப்பாட்டை மட்டும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். அவள் அதையே ஒரு பதிலாக எடுத்துக்கொண்டு படுத்தாள்.

காலையில் அவள் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தக் கண்டக்டர் பய இன்னும் அதே தெருவுலதான் இருக்கானா?"

டீ கொஞ்சம் சிந்தியது. அவள் அதைத் துடைக்கவில்லை.

கண்டக்டரும் ஓய்வு பெற்றவர்தான். ஆனால் விசில் இன்னும் சட்டைப்பையில் இருந்தது. சலவைக்கடையில் இஸ்திரி போடும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். பார்சல் என்ற வார்த்தையை யாராவது சொன்னால் நடுவழியில் இறக்கிவிடுவேன் என்று வாசலிலேயே எச்சரித்தார். பைலட்டை நாற்காலியில் உட்காரவைத்து, துணியால் இடுப்பைக் கட்டி, இருவரும் தூக்கினார்கள். கண்டக்டர் முன்னால் நடந்து, ஒவ்வொரு திருப்பத்திலும் நிறுத்தச் சொல்லி ஒரு விசில், போகச் சொல்லி இரண்டு விசில் கொடுத்தார். விசில் சத்தம் கேட்டுக் கதவுகள் திறந்தன. எந்தக் கண்களுக்குப் பயந்து அவர் இத்தனை காலம் மேலேயே கிடந்தாரோ, அந்தக் கண்கள் எல்லாம் வெளியே வந்து நின்றன. அவர் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் வந்த அவள், அந்தக் குனிந்த கழுத்தைப் பார்த்தபடியே இறங்கினாள்.

இரண்டாவது மாடியில் இருக்கிற அம்மாள் கதவோரம் நின்று, டிரைவர் எங்கே கிளம்பிட்டார் என்று வாயைக் கொடுத்தாள்.

"டிக்கெட் எடுக்காதவங்க ஓரமா நில்லுங்க" என்றார் கண்டக்டர்.

நாற்காலி குலுங்கியது. என்னவென்று பார்த்தால், அவர் சிரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிர்ந்திருந்தது. திருப்பம் வந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைப்பதற்குள் அவரே, "ஹோல்டான்" என்றார். பழைய கம்பீரம் அந்தக் குரலில் பாதியாவது இருந்தது. எல்லாரும் நின்றார்கள். அவர் இடது கையை நீட்டிச் சுவரைத் தொட்டார். எத்தனை முறை வெள்ளையடித்தும் மறையாத ஒரு பள்ளம் அங்கே இருந்தது.

"மெதுவா வளைங்கப்பா. இங்க ஒரு தடவை இடிச்சிருக்கேன்."

அவள் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு காலத்தில் சித்தி உட்கார்ந்த படி அது. இரண்டு விசில் கேட்டது. வண்டி வளைந்தது, எதிலும் உரசாமல்.

புது வீட்டில் முதல் சில நாள் ஜன்னலோடு சரி. பிறகு வாசல். பிறகு இரண்டு படி. கையில் ஒரு தடி, சட்டைப்பையில் அந்தத் துணித்துண்டு. சித்தியும் வரட்டும், அவளுக்கும் காற்றாட நடக்கிற பழக்கம் உண்டு என்பார். சாக்கடைமேல் போட்ட பலகை அவருக்குப் பாலம். மருந்துக்கடைதான் மாவு ஆலை. தெருமுனையில் நிற்கும் விளக்குக்கம்பம்தான் தனிமரம். தண்ணீர்க் கேன் போடுகிற தள்ளுவண்டிக்காரர் வழியே விடமாட்டேன் என்கிறார் என்று மறுபடி புகார் ஆரம்பித்தது. அந்த வண்டிக்காரர் திருப்பித் திட்டினார். அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

சலவைக்கடையின் பின்னறை மேசையை முன்பக்கம் போட்டுக்கொள்ள முதலாளியிடம் அனுமதி வாங்கிவிட்டாள் அவள். இழை ஓட்டுகிற நடுவில் தலையை நிமிர்த்தினால் தெரு தெரியும். அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொள்வாள். எப்போது பார்த்தாலும் விளக்குக்கம்பத்தோடு நின்று திரும்பிவிடுவார்.

ஒருநாள் சாயங்காலம் நிமிர்ந்தபோது கம்பத்தடியில் ஆள் இல்லை. தெருவிலும் இல்லை. வாசலிலும் இல்லை. கையில் இருந்த கோட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். கடைவாசலில் நின்று முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் தடி வந்தது. பிறகு அவர் வந்தார். கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பலகையைத் தாண்டி, மெதுவாக, வியர்த்து வழிந்துகொண்டு அவள்முன் வந்து நின்றார். எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"அந்தப் பக்கம் என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒரு சைக்கிள் கடை. அது வாசல்ல ஒரு நாய், நம்மளைப் பார்த்தா எழுந்திருக்கவே மாட்டேங்குது. அப்புறம் ஒரு ஸ்கூல் சுவர். சுவர் முடியற இடத்துல ரோடு மறுபடி திரும்புது."

"திரும்பினா?"

அவர் தடியை ஊன்றிக்கொண்டு, வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அது நாளைக்கு" என்றார்.